டெக்னோ, ஹவுஸ், ஆம்பியன்ட் பத்தி படிக்க நல்ல புக் தேடுறது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டெக்னோ, ஹவுஸ், ஆம்பியன்ட்னு மெஷின்லயும் கம்ப்யூட்டர்லயும் செய்யுற எலக்ட்ரானிக் மியூசிக் கேக்குற பசங்க நெறைய இருக்காங்க, ஆனா அதைப் பத்தி ஒரு புக் படிக்கலாம்னு கெளம்புனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியறதில்ல. நான் ஒரு கடையில கேட்டப்ப எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ பாடப்புத்தகத்தை எடுத்துக் காட்டுனாங்க. அதனால நான் தேடிக் கத்துக்கிட்ட வழிய எழுதுறேன்.

மொதல்ல, பொத்தாம்பொதுவா 'எலக்ட்ரானிக் மியூசிக் புக்'னு தேடாதீங்க. உங்களுக்கு உயிரா இருக்குற ஒரே ஒரு டிராக்க எடுத்துக்கங்க, ரெக்கார்டு விவரமெல்லாம் இருக்குற டிஸ்காக்ஸ் சைட்ல போட்டா எந்த நாடு, எந்த வருஷம், என்ன ஸ்டைல்னு வந்துரும், அந்த ஊரையும் காலத்தையும் வச்சு தேடுனா சரியான புக் தானா சிக்கும். டெக்னோன்னா அது பொறந்த அமெரிக்க ஊரான டெட்ராய்ட், அதுக்கு டான் சிக்கோவோட 'டெக்னோ ரெபல்ஸ்'. டிஜேங்குற ஆளே எப்படி உருவானாருன்னு தெரியணும்னா 'லாஸ்ட் நைட் எ டிஜே சேவ்டு மை லைஃப்', பின்னணியில மெதுவா பரவுற ஆம்பியன்ட்டுக்கு டேவிட் டூப்போட 'ஓஷன் ஆஃப் சவுண்ட்', மின்சாரத்துல சத்தத்தை உருவாக்குற மூக் சிந்தசைசர் கதைக்கு 'அனலாக் டேஸ்'.

ஒரு புக்கு நல்லதான்னு பாக்க நான் வச்சிருக்குற டெஸ்ட் ஒன்னுதான். 303ங்குற ரோலண்ட் கம்பெனி மெஷினைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு பின்னாடி இண்டெக்ஸ்ல தேடிப் பாப்பேன். அந்த மெஷின் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவங்களுக்குன்னு செஞ்சது, சரியா விக்கல, செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா வந்துச்சு, அதனாலதான் சிகாகோ பசங்க கைக்குப் போச்சு, அவங்க அதோட குமிழை இஷ்டத்துக்குத் திருப்ப அந்த நெளியுற சத்தம் வந்து 1987ல ஆசிட் ஹவுஸ்ங்குற ஹவுஸ் வகை ரெக்கார்டா வெளிய வந்துச்சு. இந்த மாதிரி ஏன் எப்படின்னு சொல்ற புக்க வாங்கலாம், வெறும் பேரா அடுக்கிட்டுப் போனா வாங்காம திருப்பி வச்சிருங்க.

எந்த வருஷப் பதிப்புன்னும் கட்டாயம் பாருங்க. சைமன் ரெனால்ட்ஸோட 'எனர்ஜி ஃப்ளாஷ்' 1998ல வந்தது, அப்புறம் புதுசா சேத்து மறுபடி போட்டாங்க, பழசை வாங்குனா டப்ஸ்டெப்ங்குற பிந்தி வந்த ஸ்டைல் வர்றதுக்கு முன்னாடியே கதை நின்னுரும். அதே புக்கு அமெரிக்காவுல 'ஜெனரேஷன் எக்ஸ்டஸி'ன்னு வேற பேர்ல இருக்கு, ரெண்டையும் வாங்கிறாதீங்க. 'டெக்னோ ரெபல்ஸ்'ல 1999ஐ விட 2010 பதிப்பு எடுங்க.

நம்ம நாட்டுக் கதையும் விட்றாதீங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். அகமதாபாத்ல இருக்குற என்ஐடிங்குற டிசைன் காலேஜ்ல 1969லயே மூக் சிந்தசைசர் வச்சு ஸ்டுடியோ போட்டாங்க, அதைப் பத்தி பால் பர்கஸ் தொகுத்த 'சப்கான்டினென்டல் சிந்தசிஸ்' இருக்கு. இந்தி சினிமா பாட்டுக்கு வாசிச்ச சரண்ஜித் சிங் 1982ல பத்து ராகத்தை டிஸ்கோ பீட்ல போட்டாரு, அதே 303 மெஷின்தான், சிகாகோ ரெக்கார்டுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி! இதைக் கண்டுக்காத புக்குல ஒரு பக்கம் காலியா இருக்குன்னு நெனச்சுட்டே படிங்க.

எங்க கெடைக்கும்னா, இன்டர்நெட் ஆர்கைவ்ங்குற ஆன்லைன் நூலகத்துல ஃப்ரீயா அக்கவுண்ட் போட்டு தேடிப் பாருங்க, சில புக்க ஒரு மணி நேரத்துக்கு இரவல் எடுத்துப் படிக்கலாம், வாங்குறதுக்கு முன்னாடி பொரட்டிப் பாக்க அது போதும். நமக்கு சென்னையை விட பெங்களூர் கிட்ட, ஓசூர் வழியா பஸ் ஏறி மெட்ரோவுல எம்.ஜி. ரோடு இறங்குனா சர்ச் ஸ்ட்ரீட்ல பழைய புக் கடைங்க இருக்கு, அங்க மியூசிக் அலமாரிய பொறுமையா பாருங்க.

படிக்கிறப்ப ஹெட்போன் பக்கத்துல இருக்கட்டும், பேர் வர வர அந்த டிராக்க போட்டுக் கேளுங்க. மாரியம்மன் திருவிழாவுல பம்பைக்காரர் ஒரே அடிய விடாம அடிக்க அடிக்க சாமி வர்றதைப் பாத்து வளந்த நமக்கு, கிளப்ல ஒரே பீட்டு ஏன் மணிக்கணக்கா ஓடுதுன்னு எழுதியிருக்குற அத்தியாயம் சட்டுனு புரியும், இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமா இருந்தாலும் அந்த அத்தியாயத்துல இருந்தே ஆரம்பிங்க.