இசைவிழாவில் தற்கால ஜாஸ்: புதிதாகக் கேட்பவர்களுக்குப் படிப்படியாக

ஜாஸ் பிடிபடவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். சோலோ (ஒருவர் முன்னின்று கற்பனையாக வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் பாட்டு முடிந்துவிட்டது, இனி மனம்போன போக்கில் வாசிக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். பாட்டின் சுற்று, அதாவது திரும்பத் திரும்ப வரும் அதே நீளம், அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகினால் போதும்.

படி 1: வீட்டில் 48 எண்ணுங்கள்

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, மெதுவான 12 பார் ப்ளூஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார் என்பது தாளத்தின் ஓர் அலகு. இங்கே ஒரு பாருக்கு 4 தட்டு, ஒரு சுற்றுக்கு 48. ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் அந்தப் பாரின் எண்ணைச் சொல்லுங்கள்: 1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4 என்று 12-2-3-4 வரை. பிறகு மறுபடி 1.

எண்ணிக்கை சரிதானா என்று பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்திக் கருவி) சொல்லிவிடும். முதல் 4 பார் ‘ச’வில் நிற்கும். 5, 6-ல் ‘ம’வுக்கு நகரும், 7, 8-ல் ‘ச’. 9, 10-ல் ‘ப’வைத் தொட்டு, 11-ல் வீடு திரும்பும். அந்த 5-வது பாரின் நகர்வு காதில் விழுந்துவிட்டால், நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

அடுத்தது 32 பார் வடிவம்: 8 பார் கொண்ட நான்கு பகுதிகள், மூன்றாவது மட்டும் வேறு. பழகுவதற்கு அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 பதிவான ‘ஸோ வாட்’ மிகவும் நல்லது. முதல் 16 பார் ஒரே இடத்தில் நிற்கும், அடுத்த 8 பார் அரைச்சுரம் மேலே ஏறும், கடைசி 8 பாரில் இறங்கிவிடும். அந்த ஏற்றம் யாருக்கும் கேட்கும்.

படி 2: இடம் பிடியுங்கள்

சவுண்ட் இன்ஜினியரின் மிக்ஸிங் டெஸ்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் காதுக்குச் சரியாக இருப்பதுதான் கலவை. ஆகவே அதன் அருகில் நில்லுங்கள். மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸ் நேரடியாக வந்து மோதும். ஸ்பீக்கர் வழியாக வரும் பியானோவும் சாக்ஸபோனும் பக்கவாட்டில் உங்களைக் கடந்து போய்விடும்.

இயர்பிளக் கட்டாயம். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அது பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் வகையை வாங்குங்கள். பஞ்சுபோன்ற சாதாரண வகை மேல்சுரங்களை அதிகம் விழுங்கிவிடும். சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தகடு) மங்கினால் தாளத்தின் முகமே போய்விடும்.

படி 3: முதல் பாட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

விழா மேடையில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறக் கிடைக்கும் நேரம் குறைவு. வயர் சரியா என்று பார்ப்பதற்கே அது போய்விடும். ஆகவே ஒலி பெரும்பாலும் முதல் பாட்டு ஓடும்போதே சீர்செய்யப்படும்.

படி 4: சோலோவுக்குள் சுற்றைத் தேடுங்கள்

பாட்டு தொடங்கியதும் வரும் மெட்டுக்கு ‘ஹெட்’ என்று பெயர். அதன் நீளத்தை எண்ணிவிடுங்கள். சோலோ முழுவதும் அதே நீளம்தான் திரும்பத் திரும்ப வரும். பிறகு பார்வை டிரம்மர்மீது இருக்கட்டும். சுற்று முடியும் பாரில் உருட்டல் ஒன்று வரும், அடுத்த சுற்றின் முதல் தட்டான ‘ஒன்’னில் சிம்பல் விழும். அதுதான் வாசல். சாக்ஸபோன்காரர் அந்த வாசலில் வாக்கியத்தை முடிக்காமல், தாண்டிக்கொண்டு போய் இரண்டாவது பாரில் இறக்குவார். எண்ணிக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்தத் துணிச்சல் தெரியும். கேட்பதில் இதைவிடப் பெரிய இன்பம் இல்லை.

சோலோக்கள் முடியும் தறுவாயில் ஒருவர் 4 பார், டிரம்மர் 4 பார் என்று மாறி மாறி வாசிக்கக்கூடும். தலைவர் தன் தலையைத் தட்டிக் காட்டினால் ஹெட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று பொருள்.

படி 5: எண்ணிக்கை பொருந்தாவிட்டால்

தற்காலக் குழுக்கள் 5, 7 தட்டுகளில் நிறைய வாசிக்கின்றன. நான்காக எண்ணினால் ஒவ்வொரு பாரிலும் நழுவும். கண்டமும் மிஸ்ரமும் அறிந்த நமக்கு இது பயமில்லை: ‘தகதகிட’ என்றோ ‘தகிடதகதிமி’ என்றோ சொல்லிப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் உட்பிரிவை மாற்றி, 3+2 ஆகவோ 4+3 ஆகவோ முயலுங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் பேஸ் திரும்பச் சொல்லும் சிறு துண்டைப் பிடியுங்கள். அதுதான் வாம்ப், பல பாட்டுகளில் சுற்றே அவ்வளவுதான்.

படி 6: கைதட்டல்

தாளம் போடுவதென்றால் நம் கை முதல் தட்டில்தான் விழும். ஊஞ்சல்போல் ஆடும் ஸ்விங் நடையில், டிரம்மர் காலால் மூடும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட் 2-லும் 4-லும் மூடும், அங்கே தட்டுங்கள். ஆனால் பின்வரிசையில் இருந்தால் மெதுவாகத் தொடையில் மட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தட்டு 0.1 நொடி தாமதமாக வரும்; அவர் கைதட்டல் மேடைக்குத் திரும்புவதற்குள் 0.2 நொடி. நிமிடத்துக்கு 200 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டே 0.3 நொடிதான். கூட்டம் சேர்ந்து தட்டினால் வாசிப்பவரைக் குழப்பிவிடும்.

ஒவ்வொரு சோலோ முடிந்ததும் தாராளமாகப் பாராட்டலாம். பேஸ் சோலோவின்போது மற்றவர்கள் அடங்கிவிடுவதால், இடைவேளை என்று நினைத்துப் பலர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மேடையிலேயே மெல்லிய ஒலி அதுதான். அப்போது வாய் திறக்காதீர்கள். மெதுவாக முடியும் பாட்டில் டிரம்மரின் குச்சி சிம்பலுக்கு மேல் நிற்கும்வரை இசை இன்னும் இருக்கிறது. அது கீழே இறங்கிய பிறகு தட்டுங்கள்.