தண்ணீர்ப் பரிசோதனை: எதை அங்கேயே அளப்பது, எதை ஆய்வகத்துக்கு அனுப்புவது

பாட்டிலில் பிடித்த நிமிடத்திலிருந்தே தண்ணீர் மாறத் தொடங்கிவிடும். அதனால் வெப்பநிலை, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), கரைந்த ஆக்ஸிஜன், எஞ்சிய குளோரின் ஆகியவற்றை எடுத்த இடத்திலேயே அளக்க வேண்டும். ஆய்வகக் கருவி எத்தனை துல்லியமானாலும், அது அளப்பது மாறிப்போன தண்ணீரைத்தான்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். வெளியே வந்ததும் அது பறந்துவிட, பி.எச். ஏறிவிடும். முதலில் பம்பை ஓடவிடுங்கள். மின்கடத்துதிறனும் வெப்பநிலையும் நிலைத்த பிறகே மாதிரி எடுங்கள். பி.எச். மீட்டரை அன்றன்று காலையில் பி.எச். 7 பஃபரிலும் (பி.எச். தெரிந்த, எளிதில் மாறாத கரைசல்), நீரின் தன்மைக்கேற்ப 4 அல்லது 10 பஃபரிலும் சரிபாருங்கள். நீரில் நனையும் அதன் முனையான எலக்ட்ரோடை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் உப்பு கசிந்து, மீட்டர் மந்தமாகும். பலர் செய்யும் தவறு இதுதான்.

குளோரினுக்கு டி.பி.டி. என்ற நிறங்காட்டிப் பொடி போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் படித்துவிடுங்கள். ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்தால் ‘குளோரின் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அதுவே நிறத்தை அழித்துவிடும். குளோரின் இல்லாத நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து ஒரு காரணியால் (பெரும்பாலும் 0.5 முதல் 0.7) பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மின்கடத்துதிறனை அப்படியே குறித்துக்கொள்வது நேர்மையானது.

உலோகங்கள், நைட்ரேட், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்), கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவை ஆய்வகத்துக்கு. இங்கே பாட்டில்தான் முடிவைத் தீர்மானிக்கும். உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.-ஐ 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். விடாவிட்டால் நிலத்தடி நீரின் இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகப் படியும். ஆர்சனிக் இருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், அறிக்கையில் குறைவாகத் தெரியும். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே அமிலம். வரிசை மாற்றிச் செய்தால் மண்துகளில் ஒட்டிய உலோகமும் கரைந்து கணக்கில் ஏறும். நைட்ரிக் அமிலமே நைட்ரேட்டைச் சேர்த்துவிடும் என்பதால், அமிலம் விட்ட இந்தப் பாட்டிலிலிருந்து நைட்ரேட் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்குத் தனிப் பாட்டில், குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள்.

கோலிஃபார்முக்குக் கிருமி நீக்கிய பாட்டில். குளோரின் கலந்த நீரென்றால் உள்ளே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லையேல் வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும். அந்தப் பாட்டிலை அலசாதீர்கள், மருந்து போய்விடும். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு செ.மீ. இடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 6 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. உறைய மட்டும் விடக்கூடாது.

மின்கடத்துதிறனைக் களத்திலும் ஆய்வகத்திலும், 25 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தி அளக்கச் சொல்லுங்கள். அது சட்டென மாறாது. இரண்டு எண்களும் வெகுவாக விலகினால் லேபிள் மாறியிருக்கலாம், அல்லது ஒரு மீட்டர் சரியில்லை. பி.எச். விலகினால் பதற வேண்டாம். மீட்டர் சரிபார்த்ததாக இருந்தால் களத்தில் எடுத்த எண்ணையே அறிக்கையில் போடுங்கள்.