குழந்தைக்கு முதல் டிஜிட்டல் கேமரா: எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த வாரம், பெட்டியில் பூனைக்குட்டிப் படம் போட்ட ஒரு விளையாட்டுக் கேமரா வாங்கிக் கொடுத்தேன். "48 மெகாபிக்சல்" என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தது (ஒரு மெகாபிக்சல் என்றால் படத்தில் பத்து லட்சம் புள்ளி). அவள் எடுத்த முதல் படம், பூ கட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் கை. கணினியில் திறந்து பார்த்தால் விரல் எது, நார் எது என்று பிரித்தறிய முடியவில்லை. "ஆச்சி கை இப்படியா இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அலமாரியில் கிடந்த என் பழைய கேமராவைச் சார்ஜ் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அதில் மல்லிகை மொட்டு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

கண்டதைக் கண்டபடி காட்டாத கேமராவைக் குழந்தை நான்கு நாளில் தூக்கிப் போட்டுவிடும். அது குழந்தையின் குறையே இல்லை. அதனால் நிஜக் கேமராவாக, ஆனால் குழந்தையின் கைக்கு அடங்குவதாக எப்படித் தேடுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் கையைப் பாருங்கள்

சிறிய காம்பாக்ட் கேமரா ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். எடை 150 கிராம் சுமார். கடைக்குப் போகும் முன் ஒரு சோப்புப் பெட்டியைக் குழந்தையிடம் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, வலது ஆள்காட்டி விரலால் மேல் மூலையை அழுத்தச் சொல்லுங்கள். பெட்டி சாயாமல் அழுத்த முடிந்தால் குழந்தை தயார். பெரும்பாலும் ஐந்து வயதில் இது வந்துவிடும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அது கஷ்டம். அவர்களுக்கு விடெக் கிடிஸூம் போல இரண்டு பக்கமும் தடித்த பிடி வைத்த கேமரா சரி. படத்தின் தரம் சுமார்தான், ஆனால் அந்த வயதில் பொத்தானை அழுத்தினால் ஏதோ நடக்கிறது என்பதே பெரிய விஷயம்.

படி 2: எந்த வகை?

ஐந்து வயதுக்கு மேல் என் முதல் தேர்வு, செகண்ட் ஹேண்ட் காம்பாக்ட். கேனான் பவர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ், சோனி சைபர்ஷாட் என்று பல வீடுகளில் இன்னும் சும்மா கிடக்கின்றன. சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடற்கரை, வாய்க்கால், மணல் என்று சுற்றும் குழந்தையென்றால் தண்ணீர் புகாத கேமரா நல்லது. நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ150 குடும்பங்களை மனதில் வைத்தே செய்தது: 10 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். இப்போது அதைத் தயாரிப்பதில்லை, பழையதாகத்தான் தேட வேண்டும். இவ்வகையில் லென்ஸ் வெளியே நீளாது என்பது தண்ணீரைவிடப் பெரிய வசதி. நீளும் லென்ஸின் இடுக்கில் ஒரு மணல் துகள் புகுந்தாலே கேமரா முடங்கிவிடும். ஆனால் பேட்டரி, கார்டு போடும் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு முடி சிக்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் அந்தக் கதவைப் பெரியவர்கள்தான் மூட வேண்டும்.

எடுத்த உடனே படம் அச்சாகி வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா குழந்தைகளை மயக்கும். ஒரு பேக்கில் 10 படம்தான், அதுவும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நூறு தடவை தப்பாக எடுத்துப் பழக வேண்டிய வயதில் "வீணாக்காதே" என்று சொல்ல வைக்கும் கேமரா வேண்டாம். ரசீதுத் தாள் மாதிரி தாளில் அச்சிடும் விளையாட்டுக் கேமராக்களில் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். சூட்டிலும் வெயிலிலும் மங்கிப்போகும்.

பழைய செல்போன் போதாதா என்று கேட்பீர்கள். படம் நன்றாகவே வரும். ஆனால் படம் எடுத்த மறு நிமிடம் வீடியோ பார்க்கப் போய்விடுவார்கள்.

படி 3: பெட்டியில் உள்ள எண்களை நம்பாதீர்கள்

1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவுக்கு 0.01 மெகாபிக்சல்தான். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது உண்மை. ஆனால் குழந்தைக்கு எத்தனை மெகாபிக்சல் தேவை? ஸ்டுடியோவில் போடும் 4×6 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 1200×1800. இரண்டு மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

மலிவான கேமராக்களின் 40, 48 எல்லாம் பெரும்பாலும் ஊதிப் பெருக்கிய எண்கள். உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சார் சில மெகாபிக்சல்தான் பிடிக்கும். மீதிப் புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். இட்லி மாவில் தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை நிரப்புவது போன்றது. சாதாரண காம்பாக்டில் 1/2.3 அங்குலம் என்று குறிக்கும் சென்சார் இருக்கும். அதன் அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். விளையாட்டுக் கேமராவில் பல சமயம் அதைவிடவும் சின்னது. சென்சார் அளவு எங்குமே எழுதாத கேமராவை நான் வாங்க மாட்டேன்.

"ஆப்டிகல் ஜூம்" என்று இருக்கிறதா பாருங்கள், அதில் லென்ஸே நகர்ந்து பெரிதாக்கிக் காட்டும். 3 மடங்கு போதும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஃபோகஸும் முக்கியம். குழந்தைகள் எறும்பு, பூ, பல்லி முட்டை என்று கிட்டப் போய்த்தான் எடுப்பார்கள். ஃபோகஸ் மாறாத விளையாட்டுக் கேமராவில் அதெல்லாம் கலங்கித்தான் வரும். மேக்ரோ வசதி உள்ள காம்பாக்டில் சில சென்டிமீட்டர் நெருங்கியும் எடுக்கலாம்.

படி 4: பழைய கேமராவை வாங்கும் முன் சோதியுங்கள்

1. பத்து தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் திக்காமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். கரகரவென்று சத்தம் கேட்டால் வேண்டாம்.
2. வெள்ளைச் சுவரை ஜூம் வைத்தும் வைக்காமலும் எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி.
3. டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. ஈரப்பதம் மிகுந்த நம் கடலோர ஊர்களில் இது சகஜம்.
4. கார்டு எந்த வகை? எஸ்.டி. கார்டு என்றால் நல்லது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களின் எக்ஸ்.டி. கார்டும் பழைய சோனியின் மெமரி ஸ்டிக்கும் இப்போது சுலபமாகக் கிடைக்காது. 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது.
5. பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடவே கூடாது.

பேட்டரி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பென்சில் செல்லில் (AA) ஓடும் கேமராவாகத் தேடுவேன். கேனான் பவர்ஷாட் ஏ810 இரண்டு பென்சில் செல்லில் ஓடும். 2012-இல் வந்தது, 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். ரீசார்ஜ் செய்யும் செல் நான்கு வாங்கினால் இரண்டு செல் கேமராவில், இரண்டு செல் சார்ஜரில். வேறு சார்ஜர் தேடி அலைய வேண்டாம்.

படி 5: ஆபத்துகளை அகற்றுங்கள்

சில பழைய கேமராக்களில், தேதியை நினைவில் வைக்க ஒரு சிறு பட்டன் பேட்டரி பேட்டரி அறைக்குள்ளேயே இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். கொடுப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள். தேதி அவ்வப்போது அழிந்தால் அழியட்டும், மறுபடி நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி மூடி எளிதாகத் திறந்தால் ஒரு டேப் ஒட்டுங்கள்.

கழுத்துக் கயிறு வேண்டாம். ஜன்னல் கம்பியிலோ சறுக்குமரத்திலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். மணிக்கட்டில் மாட்டும் வார் போதும். உடைந்த கேமராவை "உள்ளே என்ன இருக்கு பார்ப்போம்" என்று பிரிக்கவும் விடாதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 6: செட்டிங்கைச் சரிசெய்து கொடுங்கள்

ஆட்டோ மோடில் வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், தம்பிப் பாப்பாவின் கண்ணுக்கு நேரே அடிக்கும் பழக்கம் வராது. இருட்டில் படம் கலங்கினால் ஜன்னல் ஓரம், திண்ணை என்று வெளிச்சத்தைத் தேடிப் போகட்டும். டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். தானாக அணையும் நேரத்தை நீட்டி வையுங்கள், குழந்தை யோசித்து நிற்கும்போது கேமரா தூங்கிவிடக் கூடாது. ஷட்டர் சத்தம் இருக்கட்டும். படம் விழுந்துவிட்டது என்று அந்தச் சத்தம்தான் சொல்லும். வைஃபை, ஜி.பி.எஸ். இருந்தால் இரண்டையும் நிறுத்துங்கள்.

படி 7: முதல் நாள் நான்கு பாடம்

வாரைக் கையில் மாட்டு. லென்ஸில் விரல் வைக்காதே. பொத்தானைப் பாதி அழுத்து, "பீப்" கேட்டதும் முழுதாக அழுத்து. ஆளைப் படம் எடுக்கும் முன் "எடுக்கலாமா?" என்று கேள். பாதி அழுத்தும் பாடம் ஆறு, ஏழு வயதில்தான் பிடிபடும், அவசரப்படுத்த வேண்டாம். "எடுக்கலாமா?" மட்டும் முதல் நாளே வேண்டும்.

அப்புறம், கலங்கிய படங்களை நீங்களாக அழிக்காதீர்கள். என் மகள் எடுத்தவற்றில் ஒன்று, பாதி தரை, பாதி ஒரு நாயின் வால். அழிக்கப் போனேன், அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நாய் ஓடிப்போன நாள் அது. மாதம் ஒருமுறை கார்டைக் கணினியில் நகலெடுங்கள். பத்துப் படத்தை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி 4×6-இல் பிரிண்ட் போடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது அந்த வாலும் ஆச்சியின் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.