போலீஸ் கை காட்டியதும் நாம் செய்யும் தவறுகள்: வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டுவது எப்படி?

வாகன சோதனை என்றாலே எல்லோருக்கும் அபராதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எவ்வளவு போடுவார்கள், யாரைக் கூப்பிட்டால் விடுவார்கள் என்பதிலேயே மனம் ஓடுகிறது. உயிர் போகிற இடம் வேறு. காவலர் கை காட்டியதிலிருந்து வண்டி முழுசாக நிற்கும் வரைக்கும் உள்ள பத்துப் பதினைந்து நொடிகளும், பிறகு இறங்கி, ஏறி, மறுபடி போக்குவரத்தில் கலக்கும் அந்தச் சில நிமிடங்களும்தான் ஆபத்தானவை. தமிழ்நாட்டுச் சாலைகளில் இந்த நேரத்தில் தினமும் நடக்கும் தவறுகளையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே சொல்கிறேன். சட்டம் எங்கே தேவையோ அங்கே அதுவும் வரும்.

கை தெரிந்ததும் பிரேக்

காவலர் உங்களைத்தான் நிறுத்தச் சொல்கிறார். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போன கார் காரணமே இல்லாமல் நின்றதுதான். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மூளைக்கு விஷயம் எட்டி, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகிவிடும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால்கூட முழுசாக நிற்க ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம், மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கை தெரிந்ததும் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன் கண் கண்ணாடிக்குப் போகட்டும். அடுத்து இடது இண்டிகேட்டர். அதன் பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு லேனாக இடப்பக்கம் வாருங்கள். சென்னையின் ஜிஎஸ்டி சாலையிலோ ஓஎம்ஆரிலோ வலது ஓரத்து லேனில் போகிறவர் ஒரே வெட்டில் இடது ஓரத்துக்கு வரும்போது நடுவில் வரும் பைக்குகள்தான் அடிபடுகின்றன. நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்களா? பரவாயில்லை. இண்டிகேட்டர் போட்டு வேகம் குறைத்துக்கொண்டு போகும் வண்டியைத் தப்பி ஓடும் வண்டியாக யாரும் நினைக்க மாட்டார்கள். நூறடி தள்ளி நின்றுவிட்டு, அங்கேயே இருங்கள். தாண்டிவிட்டோமே என்று ரிவர்ஸ் எடுத்து வருவது மிகப் பெரிய தவறு. அந்த வேகத்தில் வருகிறவர் எவரும் எதிரே பின்னோக்கி ஒரு வண்டி வரும் என்று எதிர்பார்ப்பதில்லை.

ஹசார்டு லைட்டைப் பலரும் இங்கே தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். ஓரம் வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் மின்னும். நீங்கள் இடப்பக்கம் போகிறீர்களா, நேராகப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. நகரும்போது இடது இண்டிகேட்டர், நின்ற பிறகு ஹசார்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

இருசக்கர வாகனக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சாலைகளின் இடது ஓரத்தில் மணல் சேர்ந்து கிடக்கும். தாரின் ஓரம் உடைந்து, மண்ணுக்கும் தாருக்கும் நடுவே அரையடிப் பள்ளம்கூட இருக்கும். பதற்றத்தில் ஓரத்துக்கு வந்து, மணலில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கி வண்டி சாயும். வேகம் முழுவதையும் தார்ச் சாலையில் இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் குறைத்துவிட வேண்டும். மணலுக்கு வரும்போது வண்டி உருளுகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். பின்னால் குழந்தையோ வயதானவரோ இருந்தால் "நிறுத்தப் போறேன், பிடிச்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எங்கே நிற்கக் கூடாது

வளைவில், மேம்பாலத்தின் இறக்கத்தில், குறுகிய பாலத்தின் மேல் நிற்கக் கூடாது. ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே இரண்டு சக்கரம், வெளியே இரண்டு சக்கரம் என்று நிற்பதும் ஆபத்து. நான்கு சக்கரமும் கோட்டைத் தாண்டி இருக்க வேண்டும். காவலர் காட்டிய இடமே சரியில்லை என்றால் வேகத்தை நன்றாகக் குறைத்து, கையால் "முன்னால் நிறுத்துகிறேன்" என்று காட்டிவிட்டு, அகலமான இடம் பார்த்து நில்லுங்கள். நின்ற பின் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணையுங்கள். இரவென்றால் ஹெட்லைட்டைக் குறைத்து பார்க் லைட்டும், உள்ளே கூரை விளக்கும் எரியட்டும்.

காவல்துறைக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்பதை நான் அழுத்தியே சொல்வேன். மேம்பாலம் இறங்கியதும், விளக்கில்லாத வளைவிலும் பேரிகேடு வைத்துச் சோதனை போடுவது ஓட்டுநரையும் கொல்லும், அங்கே நிற்கும் காவலரையும் கொல்லும். ஒளிரும் பட்டை இல்லாத பேரிகேடை இரவில் தூரத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது. உங்கள் பகுதியில் அப்படி ஓர் இடம் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள்.

யூ டர்ன் அடித்து ஓடுவது

பேரிகேடைக் கண்டதும் பைக்கைத் திருப்பி, எதிர்ப்பக்கமாக வருகிற இளைஞர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். ஹெல்மெட் இல்லாததற்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து 1,000 ரூபாய் அபராதம். அந்த ஆயிரத்துக்குப் பயந்து, பேருந்து வருகிற திசையில் பைக்கை விடுகிறார்கள். எண் பலகையைக் குறித்துக்கொண்டால் சலான் வீடு தேடி வரும். நிற்கச் சொல்லியும் நிற்காமல் போவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 179-வது பிரிவில் தனியாக 2,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஓடியதில் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

விரட்டுவதும் இதே அளவுக்குத் தவறு. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போனதாகச் சொல்லி ஒரு பைக்கைக் காவல் ஆய்வாளர் விரட்டிப் போய் எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்துபோனார். ஆய்வாளர் கைதானார். அந்த ஆண்டில் ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாய். அடுத்த ஆண்டு நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஹெல்மெட் போடாதவர்களை விரட்டிப் பிடிக்க வேண்டாம், கேமரா மாதிரியான வழிகளைப் பயன்படுத்துங்கள் என்று அந்த மாநிலக் காவல்துறைக்குச் சொன்னது. எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

சில இடங்களில் வண்டி உருளும்போதே காவலர் சாவிக்குக் கை நீட்டுவார். அது செய்யக் கூடாத வேலைதான். ஆனால் அந்தக் கையோடு மல்லுக்கட்டினால் சாய்வது உங்கள் வண்டி. நிறுத்திவிடுங்கள். அவருடைய பெயர்ப் பட்டையையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு மேலதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கை எங்கே இருக்கிறது?

கண்ணாடியை இறக்கியதும் சட்டென்று சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டிலோ கை விடுகிறோம். ஆவணத்தைத்தான் எடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில், இரவு ரோந்தில் ஆடு திருடர்களின் பைக்கை விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். இருட்டில் முன்பின் தெரியாத ஒரு வண்டியை நோக்கி நடந்து வருகிறவர் மனதில் இதெல்லாம் இருக்கும். எனவே இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். "சார், ஆர்.சி. டேஷ்போர்டுல இருக்கு, எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

இறங்குவதிலும் ஒரு தவறு உண்டு. நிறுத்தியதும் ஆவணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும் ஜீப்பை நோக்கி ஓடுகிறோம். கூப்பிடாதவரை இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கூப்பிட்டால், நம் வண்டிகளில் ஓட்டுநர் கதவு போக்குவரத்துப் பக்கம்தான் திறக்கும் என்பதை மறக்காதீர்கள். வலது கையால் கதவைத் தள்ளாமல் இடது கையை நீட்டித் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும். உடன் வந்தவர்கள் இடது கதவு வழியாக இறங்கட்டும், குழந்தைகள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆவணம், போன், பேச்சு

சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். சட்டத்தின் 130-வது பிரிவு அதைச் சொல்கிறது. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் உள்ள உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018-லேயே விதியைத் திருத்திவிட்டது. கேலரியில் இருக்கும் போட்டோவும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேனும் அந்தக் கணக்கில் வராது. செயலியை வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்து வையுங்கள். மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் ஓடிபிக்காகக் காத்திருக்க முடியாது. போனைக் கையில் பிடித்துத் திரையைக் காட்டினால் போதும், கொடுத்துவிட வேண்டியதில்லை. உரிமத்தை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டி நிற்பதற்குள் "அண்ணே, போலீஸ் மடக்கிட்டாங்க" என்று தெரிந்தவருக்குப் போன் போடுகிறவர்கள், அங்கேயே இன்னொரு குற்றத்தைச் செய்கிறார்கள். ஓட்டிக்கொண்டே போன் பேசுவதற்கு முதல் முறைக்கே 1,000 ரூபாய்.

அபராதம் தவறு என்று தோன்றினால் அங்கே நின்று சத்தம் போடுவதில் பயனில்லை. சலானை வாங்கிக்கொள்ளுங்கள். உடனே கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிறகு பரிவாஹன் தளத்தில் கட்டலாம், ஏற்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் சொல்லலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வாக்குவாதம் வந்தே தீரும் என்றால் வண்டியின் இடப்பக்கம் நின்று பேசுங்கள். கோபத்தில் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து சாலைக்குள் போய்விடுவது நமக்கே தெரியாது.

குடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஊதச் சொன்னால், புதுக் குழாய் மாட்டச் சொல்லிக் கேளுங்கள், ஊத மறுக்காதீர்கள். மறுத்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த வண்டியை அதன் பிறகு நீங்கள் ஓட்டவே கூடாது. வீட்டிலிருந்தோ நண்பர்களிலிருந்தோ ஒருவரை வரச் சொல்லுங்கள்.

இரவில் சந்தேகம் வந்தால்

சீருடை இல்லை, சுழல் விளக்கு இல்லை, சாதாரணக் காரில் வந்து மறிக்கிறார்கள் என்றால், குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்கள், அந்த இருட்டில் நிற்க வேண்டாம். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகம் கூட்டாமல், அடுத்த பெட்ரோல் பங்க்குக்கோ டோல்கேட்டுக்கோ போய், ஆட்கள் இருக்கும் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். கதவு பூட்டியே இருக்கட்டும், கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினால் போதும். உடன் யாராவது இருந்தால் போகும் வழியிலேயே அவர் 112-க்கோ 100-க்கோ கூப்பிடட்டும். தனியாக இருந்தால் நின்ற பிறகு கூப்பிடுங்கள். வந்தவர் உண்மையான காவலர்தான் என்றால், ஏன் இங்கே வந்து நிறுத்தினீர்கள் என்று கேட்பார். காரணத்தை நேராகச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது

"சரி, போங்க" என்றதும் விட்டது சனி என்று பறக்கிறோம். ஆவணங்கள் மடியிலேயே கிடக்கும், சீட் பெல்ட் மாட்டியிருக்காது. பைக்கில் சைடு ஸ்டாண்டு எடுக்காமலே கிளம்பி, முதல் இடது வளைவில் ஸ்டாண்டு தரையில் இடித்துத் தூக்கிப் போடும். முதலில் எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். பெல்ட்டோ ஹெல்மெட் வாரோ மாட்டுங்கள். ஹசார்டை அணைத்து வலது இண்டிகேட்டர் போடுங்கள். இடம் இருந்தால் ஓரத்திலேயே கொஞ்சத் தூரம் ஓட்டி வேகம் பிடியுங்கள். கண்ணாடியில் பார்ப்பதோடு நிற்காமல் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் வண்டிகள் கடந்து போன பிறகு சாலைக்கு ஏறுங்கள்.