மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஏடிஎம்மில் காசு எடுக்கும் முன்

யாழ்ப்பாணம், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து படிக்கவும் வைத்தியம் பார்க்கவும் மதுரைக்கு வருகிற நம்மவர்கள், வாடகை வீடு, சிம் கார்டு, பஸ் ரூட் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுகிறார்கள். ஏடிஎம் கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சில மாதம் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போடும்போதுதான் 27.14, 27.14 என்று வரிசையாக நிற்பது கண்ணில் படும்.

அந்த 27.14 எப்படி வந்தது? மாதம் இத்தனை தடவை இலவசம் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. அது முடிந்த பிறகு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 23 ரூபாய் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. 2025 மே 1 முதல் இந்த விகிதம். அதற்கு முன் 21 ரூபாய். இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரி சேர்கிறது. உங்கள் கார்டை வேறு வங்கியின் மிஷினில் போட்டுக் காசு எடுத்தால், உங்கள் வங்கி அந்த மிஷின்காரருக்கு 19 ரூபாய் கொடுக்க வேண்டும். அந்தச் செலவுதான் கடைசியில் நம் தலையில் வந்து விழுகிறது.

சேமிப்புக் கணக்குக்கு மாதம் 5 தடவை சொந்த வங்கி மிஷினில் இலவசம். வேறு வங்கி மிஷினில் மதுரையில் 5 தடவை. சென்னை மாதிரிப் பெருநகரத்து மிஷின் என்றால் 3தான். கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, மிஷின் எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். வேறு வங்கி மிஷினில் பேலன்ஸ் பார்த்தாலும் அந்த ஐந்தில் ஒன்று போய்விடும். சொந்த வங்கி மிஷினில் பேலன்ஸ் பார்ப்பது கணக்கில் வராது.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போனால் எந்த வங்கியின் பெயரும் இல்லாமல், கடையோடு ஒட்டி ஒரு ஏடிஎம் இருக்கும். வங்கி அல்லாத கம்பெனிகள் நடத்தும் மிஷின்கள் அவை. அங்கே யார் எடுத்தாலும் வேறு வங்கி மிஷினில் எடுத்ததாகத்தான் கணக்கு.

கட்டணம் தொகைக்கு இல்லை, தடவைக்கு. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10,000 எடுப்பவருக்கும் 27 ரூபாய், 500 எடுப்பவருக்கும் அதே 27 ரூபாய். 500 எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் போகிறது. கையில் மொத்தமாகக் காசு வைத்துக்கொள்ள முடியாத மாணவரும் தினக்கூலிக்காரரும்தான் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள், அவர்களிடமே அதிகம் பிடிக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. விதி மாறும்வரை, மாதத்துக்கு வேண்டியதை இரண்டு மூன்று தடவையில் எடுத்துவிடுங்கள். சில்லறை வேண்டும் என்பதற்காக 500, 500 ஆகப் பிரித்து எடுக்காதீர்கள். 3,000க்குப் பதில் 2,900 என்று அடித்துப் பாருங்கள், மிஷினில் இருந்தால் நூறு, இருநூறு நோட்டும் கலந்து வரும். சில வங்கிகள், கணக்கில் இருப்பதைவிட அதிகமாகக் கேட்டு மிஷின் மறுத்தால் அதற்கும் ஒரு கட்டணம் பிடிக்கின்றன. எடுக்கும் முன் போனில் பேலன்ஸ் பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டுக் கார்டோடு வந்தவர்களுக்கு மேலே சொன்ன இலவசம் எதுவும் கிடையாது. இங்கே மிஷின் வைத்திருக்கும் வங்கி ஒரு கட்டணம் போடலாம், உங்கள் ஊர் வங்கி தனியாக ஒன்று போடலாம், நாணய மாற்றிலும் கொஞ்சம் போகும். அண்ணாநகர்ப் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவர்கள் அதிகம் ஏமாறுவது ஒரு ஸ்கிரீனில்தான்: உங்கள் நாட்டுக் காசில் கணக்குப் போடட்டுமா என்று மிஷின் கேட்கும். பழகிய காசாயிற்றே என்று சரி சொல்லிவிடாதீர்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். கன்வெர்ஷன் வேண்டாம் என்பதை அழுத்தினால் ரூபாயிலேயே முடியும், காசும் வரும். கூட இருக்கும் பிள்ளைகள் இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படிக்க வந்தவர்கள் பாஸ்போர்ட், விசா, கல்லூரி அனுமதிக் கடிதம் கொண்டுபோய் என்ஆர்ஓ கணக்கு (வெளியூர்க்காரர்கள் இங்கே தொடங்கும் ரூபாய்க் கணக்கு) கேளுங்கள். வீட்டுக்கோ காலேஜுக்கோ பக்கத்தில் எந்த வங்கியின் ஏடிஎம் இருக்கிறதோ, அந்த வங்கியிலேயே தொடங்குங்கள். மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, கார்டுக்கு வருடக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே பூக்காரம்மாவிடம்கூட க்யூஆர் கோடு இருக்கிறது. கணக்கோடு யுபிஐ, அதாவது போனிலிருந்தே காசு கொடுக்கும் வசதி, சேர்ந்துவிட்டால் ஏடிஎம் தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

கணக்கில் காசு கழிந்து மிஷினில் நோட்டு வரவில்லை என்றால் பதற வேண்டாம். சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், மிஷின் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மிஷின் கோளாறாலோ அதில் பணம் இல்லாததாலோ நின்றுபோனது இலவச எண்ணிக்கையில் சேராது. சேர்த்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் காசு எதுவும் இல்லை. விவரம் கேட்க 14448க்குக் கூப்பிடுங்கள்.