காலாண்டு அறிக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளின் வரைவுகள் என் மேசைக்கு வருகின்றன. எண்களில் பிழை இருந்தால் கணக்காய்வாளர் பிடித்துவிடுவார். எண்ணுக்கு விளக்கம் எழுதும் இடத்தில்தான், முன்பு இருந்தவர்கள் செய்த அதே தவறுகள் மறுபடி வருகின்றன.

இலாபம் நம்மால், நட்டம் சந்தையால்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். காலாண்டு முடிந்து 2 மாதத்துக்குள் மலேசியப் பங்குச் சந்தையான பூர்சா மலேசியாவில் அறிக்கை வெளியாக வேண்டும். ஒவ்வொரு வணிகப் பிரிவின் வருவாயும் இலாபமும் ஏன் மாறின என்று அதில் விளக்க வேண்டும். இலாபம் கூடினால் நிர்வாகம் "எங்கள் திறமையான செலவுக் கட்டுப்பாடு" என்று எழுதச் சொல்கிறது. குறைந்தால் "சவாலான சந்தைச் சூழல்".

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். வரைவில் "தேவை குறைந்ததால்" என்று மட்டும் இருந்தது.

"யாருடைய தேவை தம்பி?" என்று கேட்டேன்.

"பாஸ் அப்படித்தான் எழுதச் சொன்னாருண்ணே."

அப்படியே வெளியானது. அடுத்த காலாண்டில் போட்டியாளர்களின் விற்பனை ஏறியது, இவர்களுடையது ஏறவில்லை. அப்புறம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. வங்கி கடன் வரம்பைக் குறைத்தது. அதற்குப் பிறகு சொன்ன நல்ல செய்தியையும் யாரும் நம்பவில்லை.

வாடிக்கையாளர் பெயர் தேவையில்லை. "ஏற்றுமதிப் பிரிவில் ஒரு வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்தியதால் வருவாய் இத்தனை ரிங்கிட் குறைந்தது, அடுத்த காலாண்டிலும் இது தொடரும்" என்று எழுதினால் போதும். ரிங்கிட்டின் மதிப்பு ஏறியதுதான் உண்மையான காரணம் என்றால் தாராளமாக எழுதுங்கள், தொகையோடு.

சுற்றி வளைத்தல்

இலாபம் குறைந்த அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் படிக்கக் கடினமாக இருப்பதை ஆய்வாளர் ஃபெங் லி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பகுப்பாய்வாளர்களுக்கு இது தெரியும். நீங்கள் வாக்கியத்தை நீட்டினால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

"ஒருமுறைச் செலவு"

ஆண்டுதோறும் வந்தால் அது வழக்கமான செலவு.

நிலுவையில் உள்ள வழக்கு

எம்எஃப்ஆர்எஸ் 137 என்ற மலேசியக் கணக்கியல் தரநிலையின்படி, வழக்கில் பணம் கட்ட வேண்டிவருவதற்கே வாய்ப்பு அதிகம், தொகையையும் நம்பகமாகக் கணிக்க முடியும் என்றால், அந்தத் தொகை ஒதுக்கீடாகக் கணக்கில் ஏற வேண்டும். இலாபம் அந்த அளவு குறையும். "கட்ட வேண்டி வரலாம்" என்ற அளவில்தான் என்றால் அறிக்கையின் குறிப்புகளில் சொன்னால் போதும். அதனால் நிர்வாகத்துக்கு "வரலாம்" என்பதில்தான் விருப்பம். வழக்கறிஞரின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் அந்த வரியை எழுதாதீர்கள்.