றவுட்டரின் பாதையை நிரலால் மாற்ற ஓர் இடைமுகம்: மாங்குளம், பரந்தன், முல்லைத்தீவு முக்கோணத்தில்

மாங்குளத்தையும் பரந்தனையும் முல்லைத்தீவையும் ஏ9, ஏ34, ஏ35 வீதிகள் முக்கோணமாக இணைக்கின்றன. அதே வடிவில் மூன்று றவுட்டர்களை வைத்து, வெளியிலிருந்து ஒரு நிரல் பாதையை மாற்றுவதற்கான இடைமுகத்தை அமைப்போம். நிஜப் பெட்டிகள் தேவையில்லை. அறிவியல்நகரிலோ பம்பைமடுவிலோ படிக்கும் மாணவரின் மடிக்கணினியில் லினக்ஸும், எஃப்ஆர்ஆர் என்னும் திறந்த மூல றவுட்டிங் மென்பொருள் ஓடும் மூன்று கொன்டெய்னர்களும் (ஒரே கணினிக்குள் தனித்தனியாக இயங்கும் சூழல்கள்) இருந்தால் போதும். மூன்றிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடட்டும். றவுட்டர்கள் லிங்க் விவரங்களைப் பகிர்ந்து, செலவு குறைந்த பாதையைத் தாமே கணிக்கும் நெறிமுறை அது.

பரந்தன்–முல்லைத்தீவு லிங்க் ரேடியோ என்று வைத்துக்கொள்வோம். மாரி மழையில் சிக்னல் தேய்ந்து பாதி பாக்கெட் தொலைந்தாலும் ஓஎஸ்பிஎஃப் அசையாது. அது 10 செக்கனுக்கு ஒரு ஹலோ அனுப்பும். 40 செக்கன் ஒன்றுமே வராவிட்டால்தான் அயல் றவுட்டர் போய்விட்டது என்று முடிவெடுக்கும். நான்கு ஹலோவில் ஒன்று வந்து சேர்ந்தாலும் அதன் கணக்கில் லிங்க் நன்றாகவே இருக்கிறது. இழப்பை அளந்து பாதையைத் திருப்பும் வேலை நம் நிரலுக்கு உரியது.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். அந்த லிங்க்கை முழுதாக ஒதுக்குவதுதான் தேவை என்றால், பாதை எதையும் எழுதாதீர்கள். லிங்க்கின் ஓஎஸ்பிஎஃப் கொஸ்டை (பாதைக் கணக்கில் அதன் செலவு எண்) இரு முனையிலும் உயர்த்துங்கள், உச்சம் 65535. எல்லா றவுட்டரும் ஒரே கணக்குக்கு வந்துவிடும். முல்லைத்தீவு றவுட்டரில் இணைந்த ஒரு பிரதேச செயலகத்தின் 192.0.2.0/24 முகவரித் தொகுதி மட்டும் மாங்குளம் வழியாகப் போகட்டும், மற்றவை இருந்தபடியே இருக்கட்டும் என்னும்போதுதான் கீழே சொல்பவை வேண்டும்.

எங்கே எழுதுவது

லினக்ஸின் மையமான கேர்னலில் நேரடியாக எழுதவேண்டாம். அப்படி எழுதிய பாதையை எஃப்ஆர்ஆர் கேர்னல் வகை என்று எடுத்து, வழமையாக 0 தூரம் கொடுக்கும். ஒரே இடத்துக்குப் பல பாதை இருந்தால் தூரம் குறைந்ததே தெரிவாகும். ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, கையால் எழுதும் ஸ்டாட்டிக் பாதைக்கு 1. ஆகவே கேர்னல் பாதை எல்லாவற்றையும் வென்று நிற்கும். அதை எழுதியது யார் என்பதற்குத் தடயம் இராது. றவுட்டிங் மென்பொருளின் பாதை அட்டவணையில்தான் எழுதவேண்டும். எஃப்ஆர்ஆரைத் தொகுக்கும்போது ஜிஆர்பிசி (வெளி நிரல்கள் அழைக்கும் வழி) வசதியைச் சேர்த்து, பின்னணியில் ஓடும் உரிய டெமனைத் தொடங்கும்போது அந்த மொடியூலையும் ஏற்றினால், 50051 போர்ட்டில் யாங் (கட்டமைப்புத் தரவின் வடிவத்தை வரையறுக்கும் மொழி) வடிவிலேயே பேசலாம். கட்டளை வரியான சிஎல்ஐ-யில் நுழைந்து, திரையில் வரும் எழுத்தைப் படித்து இயங்கும் ஸ்கிரிப்ட் அடுத்த மென்பொருள் பதிப்பிலேயே உடைந்துபோகும்.

மாதிரி

யாங் மாதிரியை வெறும் தாளிலிருந்து தொடங்காதீர்கள். றவுட்டிங்குக்கு ஆர்எஃப்சி (இணைய நியம ஆவணம்) 8349, வலையின் இடவியலுக்கு 8345, பாதை அட்டவணைக்கு 8431 இருக்கின்றன. மூன்றும் 2018-இல் வந்தவை. அவற்றின்மேல் உங்களுக்கு வேண்டிய புலங்களை மட்டும் கூட்டுங்கள். எழுதியவர், முன்னுரிமை, ஆயுள், நிபந்தனை என நான்கு புலம் போதும். எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0-ஐயும் நிர்வாக முகவரிகளையும் மறுக்கும் 'மஸ்ட்' விதியை மாதிரிக்குள்ளேயே வையுங்கள். பாதையை மாற்றும் நம் வெளி நிரலான கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், இரண்டாவது கன்ட்ரோலர் வரும் நாளில் அந்தக் காவல் இராது. மாதிரியைப் பையாங், யாங்லின்ட் என்னும் இரு சோதனைக் கருவிகளிலும் சோதியுங்கள். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

எழுதியவர், முன்னுரிமை, ஆயுள்

பாதையை எழுதுவது சுலபம். அது யாருடையது, எவ்வளவு நேரத்துக்கு, அழிப்பது யார் என்பவற்றில்தான் இடைமுகம் நிற்கும் அல்லது விழும். சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியையும் நிறுத்தும் திகதியையும் சேர்த்தே தீர்மானிப்பார்கள். திறக்கும் திகதி மட்டும் இருந்தால் குளத்தில் தண்ணீர் மிஞ்சாது.

இணைய நியமங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் ஐ2ஆர்எஸ் குழு 2016-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7921 இதற்கு விதி சொல்கிறது. எழுதும் ஒவ்வொரு கிளையண்டுக்கும் (கன்ட்ரோலர் போன்ற வெளி நிரல்) அடையாளமும் முன்னுரிமையும் உண்டு. இருவர் ஒரே பாதையில் மோதினால் முன்னுரிமை கூடியவர் வெல்வார். சமமானால் முதலில் எழுதியவருடையது நிற்கும். தோற்றவருக்கு அறிவிப்புப் போகவேண்டும். அது போகாவிட்டால் அவர் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். அடையாளத்தை மறைகுறியாக்கிய எஸ்எஸ்எச் உள்நுழைவிலிருந்து எடுங்கள். செய்திக்குள் கிளையண்ட் தானே நிரப்பும் பெயரை நம்பவேண்டாம்.

இப்படி எழுதப்படுபவை றவுட்டர் மறுதொடக்கத்தைத் தாண்டி நிலைக்கக்கூடாது என்பதும் அதே கட்டமைப்பின் விதி. கரண்ட் போய் வரும் இடங்களில் இது மிக முக்கியம். மழைக்காகத் திருப்பிய பாதை ஸ்டார்ட்அப் கோப்பில் சேமிக்கப்பட்டால், வெயில் நாளிலும் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் உயிர்த்து வரும். யாங் மொழியில் 'தற்காலிகம்' என்று குறிக்க நியமச் சொல் கிடையாது. ஆகவே கன்ட்ரோலர் சொல்வதை ஏற்று, றவுட்டரில் இருந்தபடி பாதையை எழுதும் ஏஜென்ட் இதைத் தன் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கவேண்டும். ஏஜென்ட் தானே விழுந்து எழுந்தால், பழைய பாதைகளை முதலில் துடைத்துவிட்டுப் பிறகே கதவைத் திறக்கவேண்டும். துடைப்பதற்கு வசதியாக, தான் எழுதும் எல்லாவற்றிலும் ஒரே டேக் எண்ணைப் போடட்டும்.

ஆயுளுக்கு 90 செக்கன் கொடுத்து, கன்ட்ரோலர் 30 செக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கட்டும். ஒரு முறை தவறினாலும் தாங்கும். ஆயுளை முடியும் நேரமாக எழுதாமல், மீதி செக்கனாக எழுதுங்கள். மலிவான றவுட்டர்கள் பலவற்றில் மின்கலக் கடிகாரம் இல்லை. கரண்ட் வந்ததும், என்டிபி வழியாகச் சரியான நேரம் கிடைக்கும்வரை, அவை 1970-இல் இருக்கக்கூடும். அதே காரணத்தால் மறைகுறியாக்கத்துக்கான டிஎல்எஸ் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கப்படும். யாங் தரவை றவுட்டரோடு பரிமாற ரெஸ்ட்கான்ஃப், நெட்கான்ஃப் என இரு நெறிமுறைகள் உண்டு. எனவே இத்தகைய பெட்டிகளுக்கு டிஎல்எஸ்மேல் ஓடும் ரெஸ்ட்கான்ஃபை விட, எஸ்எஸ்எச் சாவியில் 830 போர்ட்டில் ஓடும் நெட்கான்ஃபே பொருத்தம். நெட்டோப்பியர்2 அதற்கான திறந்த மூலச் சேவர்.

சுழல்

இனி மிகவும் கவனிக்கவேண்டியது. பரந்தனில் "192.0.2.0/24-க்கு அடுத்த தாவல் மாங்குளம்" என்று எழுதினீர்கள். அடுத்த தாவல் என்பது பாக்கெட்டை அடுத்து வாங்கும் றவுட்டர். வேலை செய்கிறது. பிறகு மாங்குளம்–முல்லைத்தீவு லிங்க் அறுகிறது. மாங்குளத்தின் ஓஎஸ்பிஎஃப் இப்போது பரந்தன் வழியைத் தெரிவுசெய்து பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். பரந்தனோ எழுதியபடி மீண்டும் மாங்குளத்துக்கே அனுப்பும். அடுத்த தாவலான மாங்குளம் உயிரோடு இருப்பதால் பரந்தன் அந்தப் பாதையை விலக்காது. டிடிஎல் (பாக்கெட் இன்னும் தாண்டக்கூடிய றவுட்டர்களின் எண்ணிக்கை) தீரும்வரை ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டுக்கும் நடுவே ஓடி, நல்ல லிங்க்கையும் நிரப்பிவிடும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டில் பரந்தன், மாங்குளம், பரந்தன், மாங்குளம் என்று வந்தால் காரணம் இதுதான்.

தூரத்தை மாற்றிப் பயனில்லை. 110-க்குக் கீழே கொடுத்தால் உங்கள் பாதை எப்போதும் வெல்லும். மேலே கொடுத்தால், ஓஎஸ்பிஎஃப் பாதை இருக்கும்வரை, தெரிவாகவே மாட்டாது. சரியான வழி நிபந்தனைப் புலம். 8345 இடவியலில் மாங்குளம்–முல்லைத்தீவு லிங்க் இருக்கும்வரை மட்டுமே இந்தப் பாதை செல்லுபடியாகும் என்று எழுதுங்கள். ஒரே ஓஎஸ்பிஎஃப் ஏரியாவில் (பகுதியில்) எல்லா றவுட்டரிடமும் ஒரே லிங்க் தரவுத்தளம் இருப்பதால், பரந்தனிலுள்ள ஏஜென்ட் கன்ட்ரோலரைக் கேளாமல் தானே பார்த்து அழித்துவிடலாம்.

திரும்பும் திசையையும் மறவாதீர்கள். முல்லைத்தீவிலும், செயலகத்தோடு பேசும் பரந்தன் பக்க முகவரிகளுக்கு மாங்குளம் வழியை எழுதாவிட்டால் பதில் பாக்கெட்டுகள் பழுதான ரேடியோவில்தான் வரும். அங்கும் நிபந்தனை வேண்டும். இம்முறை மாங்குளம்–பரந்தன் லிங்க்மேல்.

அறிவிப்பும் சோதனையும்

மாற்றங்களை அறிய யாங்-புஷ் சந்தாவைப் பயன்படுத்துங்கள். அது ஆர்எஃப்சி 8641. அதில் கால அளவின் அலகு செக்கனில் நூறில் ஒன்று. 10 என்று போட்டால் 0.1 செக்கனுக்கு ஒரு முறை அறிவிப்பு வந்து மெல்லிய லிங்க்கை அடைத்துவிடும். 10 செக்கனுக்கு 1000 போடவேண்டும்.

கட்டமைப்பை மாற்றும்போது நெட்கான்ஃபின் உறுதிப்படுத்தும் கமிட்டைப் (குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தானே பின்வாங்கும் மாற்றம்) பயன்படுத்தினால், உங்கள் மாற்றமே உங்களை வெளியே பூட்டினாலும் றவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பும். வழமையான காத்திருப்பு 600 செக்கன். சோதனையில் 60 போதும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். பாதையை எழுதிவிட்டுக் கன்ட்ரோலரைக் கொல்லுங்கள். 90 செக்கனில் பாதை மறையவேண்டும். மீண்டும் எழுதி ஏஜென்டைக் கொல்லுங்கள், எழுந்ததும் துடைக்கவேண்டும். மாங்குளம்–முல்லைத்தீவு லிங்க்கை அறுங்கள். டிரேஸ்ரூட்டில் சுழல் தெரியக்கூடாது. கடைசியாக, பாதை நடைமுறையில் இருக்கும்போதே மூன்று கொன்டெய்னர்களையும் ஒன்றாக நிறுத்தி, கன்ட்ரோலர் இல்லாமல் ஏற்றுங்கள். பரந்தனிலும் மாங்குளத்திலும் 192.0.2.0/24 ஓஎஸ்பிஎஃப் பாதையாக மட்டுமே தெரியவேண்டும்.